நான் விற்ற கட்டிடத்தின் வாசலில் என்னை மறித்த நாள்

இரத்தினபுரி டவுனில் நான் விற்றுக்கொடுத்த கட்டிடங்களை பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கை நீட்டிக் காட்டுவேன். பச்சைச் சாயம் அடித்த அந்த மாடி, ஆற்றுப் பக்கம் இருக்கிற இரும்புக் கடை, ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதையில் மருந்துக் கடையும் பேக்கரியும் ஒட்டி நிற்கிற கட்டிடம், எல்லாம் என் கால் நடந்து, என் வாய் பேசி முடிந்தவை. நான் படித்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில், அதுவும் கொழுந்து குறைந்த மாதங்களில் மட்டும். கடைப் பலகை வாசிப்பேன், என் பெயரை எழுதுவேன். சிங்களம் தண்ணீர் மாதிரி வரும். இதை எழுத எனக்கு நேரமெடுக்கிறது. எடுக்கட்டும்.

கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தேன். கல்யாணம் முடித்து டவுனுக்கு வந்தேன். தோட்டங்களைக் கம்பெனிகளிடம் கொடுத்த காலத்தில் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். தோட்டத்து லயன் வீட்டுக்குத் திரும்பி வா என்று அண்ணன் கூப்பிட்டார். நான் போகவில்லை. பஸார் கடைகளுக்குப் பகல் சாப்பாடு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பாடு கொண்டுபோகிறவளுக்குத் தெரியாதது பஸாரில் ஒன்றுமில்லை. எந்த முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை, எந்த வீட்டு மகன் வெளிநாடு போய்விட்டான், எந்த அண்ணன் தம்பி ஒரே கடையில் முகம் பார்க்காமல் சாப்பிடுகிறார்கள் என்று பாத்திரத்தைத் திருப்பி வாங்கும்போதே தெரிந்துவிடும். ஒரு முதலாளி கடையை விற்க நினைத்தார், இன்னொருவர் வாங்க நினைத்தார். இரண்டு பேருக்கும் நான்தான் சோறு கொடுத்தேன். இவர் மனதில் இருந்ததை அவரிடம் சொன்னேன். வியாபாரம் முடிந்தது. அப்படித்தான் நான் புரோக்கர் ஆனேன்.

பஸாரில் சிரிக்காத ஆள் இல்லை.

"தோட்டத்து அம்மா கொழுந்துக் கூடையில காணி உறுதிய போட்டுக்கிட்டு வர்றாங்கப்பா!" என்று ஒரு துணிக்கடை முதலாளி கத்துவார்.

"கூடையில இன்னும் இடம் இருக்குங்க முதலாளி. ஒங்க கடையையும் போட்டுக்கட்டா?" என்பேன்.

பிறகு அதே முதலாளியின் கடையையும் நான்தான் விற்றுக்கொடுத்தேன். அந்தக் கடையின் கதைதான் இது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தொழிலுக்கு வந்த புதிதில் கொழும்பிலிருந்து ஒரு ஐயா வந்தார். ஒரு கட்டிடத்தைக் காட்டினேன். சுவரைத் தட்டிக் காட்டினேன், கூரையைக் காட்டினேன், கிணற்றைக் காட்டினேன். அவர் எதையும் பார்க்கவில்லை. கீழே கடை போட்டிருந்தவரை மட்டும் பார்த்தார். எத்தனை காலமாக இருக்கிறார், வாடகை ஒழுங்காகத் தருகிறாரா, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை.

"அம்மா, நான் செவுத்த வாங்க வரல. இவர் குடுக்கிற வாடகையத்தான் வாங்கப்போறேன். இவர் போனா எனக்கு இந்தக் கட்டிடம் வேணாம்" என்றார்.

மாட்டை விற்கும்போது கன்றையும் சேர்த்து ஓட்டிவிடுகிற மாதிரி, கட்டிடத்தோடு உள்ளே இருக்கிற மனிதரையும் சேர்த்து விற்பார்களா? அந்தக் கடைக்காரர் பாட்டுக்குக் கொத்தமல்லி நிறுத்துக்கொண்டிருந்தார். தன்னைப் பார்த்துத்தான் விலை பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

பிறகு அதைப் பழகிக்கொண்டேன். பழகினேன் என்றால் எனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். வாங்க வருகிறவரை நல்ல மழை நாளில்தான் கூட்டிப்போவேன். இரத்தினபுரியில் வெயில் நாளில் எல்லாக் கட்டிடமும் நல்ல கட்டிடம்தான். ஆறு ஏறினால்தான் எது நிற்கும், எது முழங்கால் நனையும் என்று தெரியும். அடுத்தது, வாங்குகிறவர் குடியிருக்கிறவர் இடத்தில் உட்கார்ந்து அவர் கையால் ஒரு டீ குடிக்க வேண்டும். என் முன்னால் குடிக்க வேண்டும். "வேண்டாம், நேரமாகிறது" என்று நிற்கிற ஆளுக்கு நான் விற்றதில்லை. ஒருவருடைய டீயைக் குடித்துவிட்டு அவரைத் தெருவில் இறக்க மனிதனுக்கு மனம் வராது என்று நம்பினேன். பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு உறுதியை வாசிக்கும்போது குடியிருப்பவர் பெயர் வருகிற இடத்தை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொல்லுவேன். அவர் சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும்.

இப்படியே வருஷங்கள் போயின. கொழும்பு ஆட்கள், கேகாலையில் ரப்பர் வைத்திருந்தவர்கள், எம்பிலிப்பிட்டிய பக்கம் நெல் வியாபாரம் செய்தவர்கள் எல்லாம் "இரத்தினபுரியில ஒரு கட்டிடம் வேணும்னா அந்தத் தமிழ் அம்மாவப் பாருங்க" என்று சொல்லும் அளவுக்கு வந்தேன். யுத்த காலம். பேசுகிற தமிழைக் கேட்டதும் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கி நிறுத்துவார்கள். இறங்கி நிற்பேன். அடையாள அட்டையைக் கொடுப்பேன். பிறகு அடுத்த பஸ்ஸில் ஏறிப்போய் வியாபாரத்தை முடிப்பேன். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. என் பேச்சை நம்பித்தான் மனிதர்கள் விற்றார்கள், வாங்கினார்கள், குடியிருந்தார்கள்.

செல்போன் எல்லோர் கையிலும் வந்த காலத்தில் அந்தத் துணிக்கடை முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். வயதாகிவிட்டது, கொழும்பில் மகனோடு போய் இருக்கப்போகிறார். கட்டிடம் நடு பஸாரில் இருந்தது. கீழே அவருடைய துணிக்கடை. மேலே ஒரு தையற்கடை. முஸ்லிம் நானா ஒருவர் அதை நடத்தினார். அவரும் மனைவியும் தையல் மிஷினுக்குப் பின்னால் திரைச்சீலை கட்டி அங்கேயே குடியிருந்தார்கள். டவுனில் பாதிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை அந்த மாடியில் தைத்ததுதான். தெருவிலிருந்து மேலே போக வெளியே ஒரு படி, கடைக்குள்ளிருந்து போகப் பின்பக்கம் ஒரு மரப்படி இருந்தது. கீழே துணி வாங்கினால் அதே படியால் மேலே போய் அளவு கொடுத்துவிடலாம். நல்ல ஏற்பாடு.

முதலாளி விற்கப்போகிறார் என்றதும் நானா என்னிடம் வந்தார்.

"அக்கா, எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நாங்க ரெண்டு பேரும் மௌத்தாகிற வரைக்கும் அந்த மாடியில ஈக்க ஏலுமா? அத மட்டும் சொல்லுங்க."

"ஏலும் நானா. நான் விக்கிற கட்டிடத்திலேருந்து யாரையும் எறக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையை வைத்துத்தான் அவர் வேறு இடம் பார்க்காமல் இருந்தார். கேகாலையில் அவர் மனைவியின் தம்பிகள் இருந்தார்கள், அங்கே வந்துவிடச் சொன்னார்கள். போகவில்லை.

வாங்க வந்தவர் கொழும்பிலிருந்து ஒரு சிங்கள ஐயா, மாத்தயா என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு. மழை நாளில்தான் கூட்டிப்போனேன். காலில் சப்பாத்து நனைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேலே போய் நானாவின் மனைவி கொடுத்த இஞ்சி டீயை இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். "இவங்க இங்கயே இருக்கட்டும். கீழே போன் கடை ஒண்ணுக்கு வாடகைக்குக் குடுக்கிறேன்" என்றார். நான் வாடகை பற்றிச் சொன்னேன், வெள்ளம் ஏறாது என்று சொன்னேன், தெருவில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் தலையாட்டிக்கொண்டே கீழே கடைக்குள் நடந்தார். காலால் தரையைத் தட்டித் தட்டி நடந்தார். பிறகு விலையைக்கூடப் பெரிதாகப் பேசவில்லை. அவ்வளவு சீக்கிரமாக நான் எந்த வியாபாரத்தையும் முடித்ததில்லை. என் பேச்சுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

துணிக்கடையைக் காலி செய்தார்கள். கதவுகளை இழுத்து மூடி, 'திருத்த வேலை' என்று பலகை மாட்டினார்கள். வேலை நடந்துகொண்டே இருந்தது. போன் கடை வரவில்லை.

ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போகும்போது நானாவின் மனைவி மாடி ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். மேலே போனேன்.

"ராத்தா, என்ன செய்தி?" என்றேன்.

"இத பாருங்கோ" என்று தையல் மிஷினைக் காட்டினார். "தைக்கத் தைக்க இது நகருது. காலையில செவுத்துக்கிட்ட வச்சா பகலுக்கு நடு ரூமுக்கு வந்திருது. கத்தரிக்கோல் மேசையில நிக்கிதில்ல."

நானா சிரித்தார். "வயசாகிப் போச்சு அக்கா, மிஷினுக்கும். அதான் நடக்கப் பழகுது."

சுவரில் ஒரு வெடிப்பு ஜன்னலிலிருந்து கீழே இறங்கியிருந்தது. அது புதிது. கீழே ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் கால் வைத்தால் உள்ளங்காலில் அந்த அதிர்வு ஏறியது. திருத்த வேலைக்கு இவ்வளவு நாளாக என்ன மோட்டார் என்று எனக்குப் பட்டது. மாத்தயாவுக்குப் போன் எடுத்தேன். "டைல் போடுறாங்க அம்மா. கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க" என்று அதே மெதுவான குரலில் சொன்னார். நான் நம்பினேன். இஞ்சி டீ குடித்த மனிதர் அல்லவா.

ஆனாலும் மனம் ஒப்பவில்லை. கீழே இறங்கிக் கடை வாசலுக்குப் போனேன். இழுப்புக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. வாசல் சாக்கடைக் கானில் மஞ்சள் நிறத்தில் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே காலை வைக்கப்போனேன். இடுப்பில் சாரம் கட்டிய ஒரு ஆள் பதறிப்போய் இரண்டு கையையும் விரித்து மறித்தான்.

"அம்மே, எப்பா! கேனு அயட்ட தஹனம்!"

பொம்பளைகளுக்குத் தடை என்றான்.

இந்த ஊரில் இருக்கிற யாருக்கும் அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. இரத்தினபுரியில் பெண்பிள்ளை நெல் வயலுக்குப் போகலாம், ரப்பர் வெட்டலாம், அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்க்கலாம், என்னைப் போலக் கட்டிடம் விற்கலாம். போகக்கூடாத இடம் ஒன்றே ஒன்றுதான். மாணிக்கக் கல்லுக்காகத் தோண்டுகிற குழி. அந்தக் குழிக்கு விளக்கேற்றிக் காவல் வைத்திருப்பார்கள். ஆண்கள் குளித்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்குவார்கள். பெண்பிள்ளை நிழல் பட்டால் கல் மறைந்துவிடும், குழி ஆளை விழுங்கிவிடும் என்று பயப்படுவார்கள். குழிக்குச் சொந்தக்காரரின் மனைவிகூடக் கிட்டப் போகமாட்டாள்.

நான் அந்த வாசலிலேயே நின்றுவிட்டேன். டைல் போடுகிற இடத்துக்குப் பெண்பிள்ளை ஏன் போகக்கூடாது? நடு பஸாரில், கடைக்குள்ளே, இரண்டு உயிர் குடியிருக்கிற மாடிக்குக் கீழே மாணிக்கக் குழி தோண்டுகிறார்கள்! அனுமதி வாங்கினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று கதவை மூடித் தோண்டுகிறார்கள். அந்த மாத்தயா கால் தட்டி நடந்தது என் கண்முன் வந்தது. நான் வாடகை, வாடகை என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் காது என்னிடம் இல்லை, காலடி மண்ணில் இருந்திருக்கிறது. பக்கத்துப் பழக்கடையின் பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். பழக்கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

மேலே போய்ச் சொன்னேன். நானாவின் மனைவி கையிலிருந்த சட்டையைக் கீழே போட்டுவிட்டார். நானா தரையையே பார்த்தார், தரை கண்ணாடி ஆனது மாதிரி. பிறகு மெதுவாகக் கால்களைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். எனக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை.

"ரெண்டு பேரும் இப்பவே எறங்குங்க நானா."

"எங்க எறங்குற அக்கா? ஸ்கூல் தொறக்கப் போகுது. நாப்பது வீட்டுப் புள்ளைகளோட துணி வெட்டிப் போட்டிருக்கேன். அத விட்டுட்டு எங்க போறது?"

"அப்ப பொலிசுக்குப் போவோம்."

"வேணாம் அக்கா. நீங்களும் நானும் போய்ப் பேசினா, மாத்தயா ஒரு போன்ல எல்லாத்தையும் மாத்திடுவாரு. கடைசியில நாங்கதான் எங்க வந்தீங்க, எங்க போறீங்கன்னு பதில் சொல்லிக்கிட்டு நிக்கணும்."

அது உண்மைதான். அந்தக் காலத்தில் அது உண்மை.

நானாவின் மனைவி என்னைப் பார்த்தார்.

"நீங்க சொல்லித்தானே அக்கா நாங்க இங்க இருந்தோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை.

நான் எழுந்தேன். பின்பக்கம் போனேன். அந்த மரப்படிக்கு மேலே ஒரு கதவு, தாழ்ப்பாள் நானாவின் பக்கம் இருந்தது. கீழே இருந்தவர்கள் அதை மறந்துபோயிருந்தார்கள் போல. தாழ்ப்பாளை இழுத்தேன்.

"அக்கா, என்ன செய்யப்போறீங்க?" என்றார் நானா.

"போகக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல? போகப்போறேன்."

செருப்போடு இறங்கினேன். கழற்ற வேண்டுமென்றே தோன்றவில்லை.

நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. துணி அடுக்கியிருந்த அலமாரிகள் இல்லை. தரை இல்லை. கடையின் நடுவில் சதுரமாக ஒரு கிணறு. ஓரங்களில் மரச் சட்டம் அடித்து, மண் சரியாமல் இருக்கச் சட்டத்துக்குப் பின்னால் காட்டுப் புல்லும் இலையும் திணித்திருந்தார்கள். குறுக்கே ஒரு உருளை, கயிறு, சேறு வழிகிற கூடைகள். சுவரோரம் கூரை வரைக்கும் மண் மூட்டைகள். ஒரு சாமி படத்துக்கு முன்னால் சின்ன விளக்கு எரிந்தது. அதற்கு நேர் மேலே பலகைக் கூரை. அந்தப் பலகைக்கு மேலே நானாவின் மிஷின்.

கயிறு பிடித்திருந்தவர்கள் என்னைக் கண்டதும் பேயைக் கண்டவர்கள் மாதிரி கத்தினார்கள். ஒருவன் கயிற்றை விட்டுவிட்டான். கூடை உள்ளே விழுந்து சேற்றில் மோதிய சத்தம் வெகு நேரம் கழித்துக் கேட்டது. விளிம்புக்குப் போய் எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் ஒரு முகம் மேலே பார்த்தது.

"ஐயோ, யாரது பொம்பள... அக்காவா?" என்று தமிழில் கேட்டது அந்த முகம்.

எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிஷன் ஆள். அவன் கல்யாணத்தில் நான் சாப்பிட்டிருக்கிறேன். தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்க இஷ்டமில்லாமல் தோட்டத்தை விட்டு டவுனில் வேலை என்று வந்தவன். இந்த வேலைக்குத்தான் வந்திருக்கிறான்.

"ஒனக்கு மேல யாரு குடியிருக்காங்கன்னு தெரியுமாடா?" என்று கத்தினேன்.

"சாமான் ரூம்னு சொன்னாங்கக்கா! யாருமே இல்லன்னு சொன்னாங்க!"

"ரெண்டு மனுசங்கடா. மிஷின் ஒண்ணு நகந்து நகந்து நடு ரூமுக்கு வருது. அடுத்தது ஒன் தலையிலதான் வந்து நிக்கும்."

அவன் வேறொன்றும் கேட்கவில்லை. ஏணிச் சட்டத்தைப் பிடித்து ஏறத் தொடங்கினான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன் ஏறினான். அங்கே இன்னொருவன் இருந்ததே எனக்குத் தெரியாது. மேலே வந்து சேறு வழிய நின்றார்கள். மேற்பார்த்த ஆள் சிங்களத்தில் என்னை ஏசினான். எழுதக்கூடிய ஏச்சு இல்லை. "எல்லாம் போச்சு, இனி யாரு எறங்குவான்?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

"பூஜை போட்டுட்டு எறங்கிக்க" என்று ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நான் வந்தால் குழி கெட்டது, நான் போனால் பூஜை போட்டுத் துப்புரவாக்கிவிடுவார்கள். அப்படியானால் நான் போகக்கூடாது. மூலையில் கிடந்த பழைய துணிக்கடை முக்காலியை இழுத்துப் போட்டு, குழியிலிருந்து எட்டி ஒரு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

"அம்மே, எழும்புங்க" என்றான் மேற்பார்வை.

"எழும்ப மாட்டேன். மாத்தயாவ வரச் சொல்லு."

தூக்கிப் போடுவேன் என்றான். போடு என்றேன். ஆனால் குழிக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையைத் தொட்டுத் தூக்க அங்கே ஒருவனுக்கும் கை வரவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். படியில் சத்தம் கேட்டது. நானாவின் மனைவி முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு, படியைப் பார்த்துப் பார்த்து இறங்கி வந்தார். கையில் பொத்தான் தைக்கிற ஒரு குவியல் வெள்ளைச் சட்டை. குழியைப் பார்த்ததும் ஒரு தரம் கண்ணை மூடினார். பிறகு என் பக்கத்தில் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்க்கத் தொடங்கினார். நூல் நுழையவில்லை. நான் வாங்கிக் கோர்த்துக் கொடுத்தேன்.

"ஒண்ணுக்கு ரெண்டு!" என்று வெளியே யாரோ சொல்ல, வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பழக்கடைக்காரர் இழுப்புக் கதவை முழுதாக மேலே தள்ளிவிட்டார். பஸார் முழுதும் அந்தக் கிணற்றைப் பார்த்தது. பார்த்தவர்கள் வாயில் கை வைத்தார்கள்.

மாத்தயா பொழுது சாயும்போது காரில் வந்தார். வெள்ளைச் சட்டைதான். கூட்டத்தைப் பார்த்ததும் அந்த மெதுவான குரல் போய்விட்டது. சிங்களத்தில்தான் பேசினோம், தமிழில் எழுதுகிறேன்.

"இந்த எடத்த எனக்கு வித்தது நீங்கதானே? மண்ணையும் சேத்துத்தானே வித்தீங்க?"

"மண்ணோட சேத்து மேல இருக்கிற மனுசரையும்தான் வித்தேன். நொத்தாரிசு அத ரெண்டு தரம் வாசிச்சாரே, காதுல விழலையா?"

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே."

"ஆகியிருந்தா நீங்க இங்க வந்து பேசுவீங்களா?"

அவர் மேற்பார்வையைப் பார்த்தார். அவன் இனி முடியாது என்று தலையை ஆட்டினான். எங்கள் தோட்டத்து ஆள் ஏற்கனவே கைகால் கழுவிவிட்டு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக வெளியே நின்றான். மற்றவனும் அப்படியே. இறங்க ஆளில்லை, எழுந்திருக்காத இரண்டு பெண்பிள்ளைகள், பார்க்க ஒரு ஊர். இன்னும் கொஞ்ச நேரத்தில் பொலிஸ்காரர்களும் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். "மூடிடுங்க" என்றார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

கல்லும் மணலும் கொண்டுவந்து கொட்டி மூடினார்கள். கடைசி லொறி வரும்வரை ஒவ்வொரு நாளும் நாங்கள் பகல் முழுதும் மாறி மாறி அங்கேயே இருந்தோம். மேலே கொங்கிரீட் போட்ட பிறகுதான் நானா நாற்காலியிலிருந்து காலை இறக்கினார் என்று அவர் மனைவி சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை கட்டிடம் விற்றிருக்கிறேன், எத்தனை பேர் டீ குடித்தார்கள், அவர்களில் யார் யார் தரையைப் பார்த்துக் குடித்தார்கள் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். மாத்தயா எனக்குப் போன் எடுத்தார்.

"அம்மா, அந்தக் கட்டிடத்த யாருக்காவது வித்துக் குடுங்க."

போனை எடுத்து முகத்துக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன், சரியான ஆள்தானா என்று.

"எங்கிட்டயா சொல்றீங்க?"

"அந்தக் கட்டிடத்த ஒங்களால மட்டுந்தான் இனி விக்க முடியும்."

வெட்கம் கெட்ட மனிதர். ஆனால் தொழில் தெரிந்தவர். நான் ஒத்துக்கொண்டேன், நானாவுக்காக. வந்த ஒவ்வொருவரிடமும் முதல் வார்த்தையாகக் குழியைப் பற்றித்தான் சொன்னேன். ஓடினார்கள். ஒருவர் மட்டும் ஓடவில்லை. "எவ்வளவு ஆழம் போயிருந்தாங்க அம்மா?" என்று கண்ணை விரித்துக் கேட்டார். அவரை வாசலோடு அனுப்பினேன். கடைசியில் விலை இறங்கி இறங்கி, கேகாலையிலிருந்து நானாவின் மச்சான்மார் வந்து காசு கூடிப்போட்டு, நானா பெயரிலேயே வாங்கினார்கள். வாடகைக்கு இருந்தவரே சொந்தக்காரர் ஆனார். என் தொழிலில் அப்படி ஒன்று அதற்கு முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லை.

உறுதி எழுதி வந்த அன்று பகல் அவர்கள் வீட்டில் சோறு, மச்சான்மாரும் இருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு நானா என்னைக் கீழே கூட்டிப்போனார். காலியான கடை, புதுத் தரை. நடுவில் போய் நின்றார். பிறகு குதிகாலால் தரையை ஒரு தட்டுத் தட்டினார்.

"அக்கா," என்றார் குரலைத் தாழ்த்தி, "அவங்க சும்மா தோண்டியிருக்க மாட்டாங்க, என்ன? கீழ ஏதாச்சும் ஈக்குமோ?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அதே மனிதர். கண் மின்னியது.

படியிலிருந்து அவர் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றிருக்கிறார். மேலே திரும்பிப்போய், இரண்டு மச்சான்மாரையும் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.

"அந்த மிஷின கீழ எறக்குங்க. இன்னைக்கே. இனிமே நான் கீழதான் தைப்பேன். பொம்பளைகளுக்கு மட்டும் தைக்கிற கடை. ஜாக்கெட், பாவாடை, அபாயா, எல்லாம். ஒரு நாளும் மூட மாட்டேன்."

நானா தரையிலிருந்து காலை எடுத்துக்கொண்டார். மச்சான்மார் மிஷினைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார்கள். அவர் மனைவி பின்னாலேயே வந்து, கடையின் சரியான நடுவைக் கையால் காட்டினார்.

"அங்க வைங்க" என்றார்.